வரி ஏடுகளும் வழிமரபும்

ஆங்கிலேயர் தம் முன்னோரைத் தேடப் புகுங்கால் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1837ஆம் ஆண்டில்தான். குடிமதிப்புக் கணக்கு நாடெங்கும் தனிமனிதர் பெயர்களை முறையாகக் குறிக்கத் தொடங்கியதோ 1841இல். அதற்கு முற்பட்ட தலைமுறைகளை அறியத் தேவாலயப் பதிவேடுகளோடு துணை நிற்பவை நிலவரி ஏடுகளாம். அவை எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று ஆராய்வது இன்றியமையாதது.

1690களில் பிரான்சோடு நிகழ்ந்த போரின் செலவை ஈடுகட்ட எழுந்தது இவ்வரி. 1798இல் நிலையான வரியாக்கப்பட்டு, 1963இல் ஒழிந்தது. எனினும் 1780 முதல் 1832 வரையிலான ஏடுகளே மிகுதியாக எஞ்சியுள்ளன. அக்காலத்தில் கோட்டத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை நிலமுடைமையைப் பொறுத்திருந்தது. அவ்வுரிமையைச் சரிபார்க்கவே வரிப்பட்டியலின் படிகள் காக்கப்பட்டன. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் பதிவேட்டைக் கொணர்ந்ததும் அத்தேவை நீங்கிற்று. பேரன்மார் படிப்பதற்கென்று எவரும் அவற்றைப் போற்றி வைக்கவில்லை.

இவ்வேடுகளின் சிறப்பு ஆண்டுதோறும் எழுதப்பட்டமையே. நிலத்திற்கு உடையவர் பெயரும் அதை அனுபவிப்பவர் பெயரும் அருகருகே நிற்கின்றன. ஓராண்டில் ஒரு பெயர் மறைந்து அதே குடிப்பெயருடைய வேறொருவர் தோன்றினால், அங்கே ஓர் இறப்போ உரிமை மாற்றமோ நிகழ்ந்திருக்கக்கூடும். தேடுவோர்க்கு அது நல்ல தடயம்.

ஆயினும் தடயம் வேறு, சான்று வேறு. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயராயின் ஏடு வேறுபாடு காட்டாது. அகவையும் உறவும் அதில் இல்லை. இறந்தவர் பெயரே சில ஆண்டுகள் தொடர்ந்து நிற்பதும் உண்டு. வரித்தொகையைக் கொண்டு நிலத்தின் பரப்பை அளக்க முயல்வதும் ஏற்புடையதன்று. ஒவ்வொரு கோட்டமும் செலுத்த வேண்டிய பங்கு தொடக்கத்திலேயே பெரும்பாலும் உறைந்துவிட்டமையால், ஒரே தொகை ஓரூரில் சிறு நிலத்தையும் மற்றோரூரில் பெருநிலத்தையும் குறிக்கலாம். 1927இல் ஈ. டேவிஸ் இவ்வேடுகளைக் கொண்டு சிறு நில உடைமையாளரின் நிலையை ஆராய்ந்தார். 1964இல் ஜி. ஈ. மிங்கே அம்முறையின் குறைகளை எடுத்துக்காட்டினார். வரலாற்றறிஞர்க்கே தடுமாற்றம் தந்த ஏட்டைக் குடிவரலாறு எழுதுவோர் எளிதாக நம்பிவிடலாகாது.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. நிலமில்லாக் கூலியாளர், வாழ்நாளெல்லாம் அந்நிலத்தையே உழுதிருப்பினும், ஏட்டில் இடம்பெறார். கணவனோடு வாழ்ந்த மனைவியின் பெயரும் பொதுவாக இராது. அவள் கைம்பெண்ணான பின்னரே அது தலைகாட்டக்கூடும். ஆகவே ஒருவர் பெயர் ஏட்டில் இல்லை என்பதால் அவர் அவ்வூரில் வாழவில்லை என்று முடிவு கட்டுவது பிழை. அவ்வாறு முடிவு கட்டினால் உழைத்தவர் இருமுறை மறக்கப்படுவர்: முதலில் வரி எழுதியவரால், பின்னர் தம் வழித்தோன்றலால்.

தேவாலயப் பதிவுகளோடும் உயில்களோடும் ஒப்பிட்டுப் படிக்கும்போதே நிலவரி ஏடு பயன் தரும். அது வரி செலுத்தியவர் யார் என்று சொல்லும். வாழ்ந்தவர் யாவர் என்பதை ஆய்வாளரே தேடிக் காண வேண்டும்.