முடிவு தெரிந்த பின்னும்: ‘மிஷன் இம்பொசிபிள்’ தொடரை ரசிப்பது எப்படி?

அடுத்து என்ன நடக்குமோ என்ற தவிப்புத்தான் உளவுக்கதையின் சுவை என்பார்கள். 1966 முதல் 1973 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 171 அத்தியாயங்களாக வந்த ‘மிஷன் இம்பொசிபிள்’ இதை ஏற்பதில்லை. தீக்குச்சி உரசித் திரி பற்றியதுமே அன்றைய கதையின் காட்சிகள் துண்டு துண்டாக முன்கூட்டியே வந்து போகும். இரகசியப் பணிக்கு அனுப்பப்படும் உளவுக் குழு வெல்லும் என்பதும் தெரிந்ததே. ஆயினும் கண்ணை எடுக்க முடிவதில்லை. காத்தவராயன் கூத்தின் கதையை முழுதாக அறிந்தவர்களே அதை விடிய விடியப் பார்த்தது யாழ்ப்பாணம். என்ன நடக்கும் என்பதைவிட எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்று பார்க்கும் அந்தப் பழக்கமே இத்தொடருக்கும் ஏற்ற பயிற்சி.

முதலில் காது கொடுங்கள். லாலோ ஷிஃப்ரினின் முகப்பிசை ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் வரும் பத்தும் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று விழும். நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குத் தாளம் போட்டுப் பழகிய கை இந்தக் கணக்கை உடனே பிடித்துவிடும். நான்கில் முடியும் என்று நம்பியவரை அது ஓரெண்ணிக்கை கூடுதலாகக் காக்க வைக்கிறது. பதற்றம் பிறப்பது அங்கேதான். அடுத்து மௌனத்தைக் கவனியுங்கள். மின்னணு வல்லுநர் பார்னி சுவரைத் துளைத்துக் கம்பிகளை இணைக்கும் வேலை பேச்சே இல்லாமல் நீளும். அப்போது கதை சொல்வது அவர் கைகள்தான்.

பாத்திரங்களுக்கு ஆழமில்லை என்பது பழைய குறை. தொடரை உருவாக்கிய புரூஸ் கெல்லர் பாத்திரங்களின் குடும்பத்தையும் கடந்த காலத்தையும் வேண்டுமென்றே ஒதுக்கினார். அதனால் நடிப்புக்குள் நடிப்பைக் காண முடிகிறது. மாட்டின் லாண்டோ நடித்த ரோலின் ஹாண்ட் பிறர் வேடத்தில் புகும்போது, வேடத்தின் முகத்தையும் அதன் கீழே கணக்குப் போடும் முகத்தையும் சேர்த்தே பாருங்கள். நடிகை பார்பரா பெயினின் ஒரே பார்வை எதிரிக்கு ஒன்றும் கூட்டாளிக்கு வேறொன்றும் சொல்லும். அவர் தொடர்ந்து மூன்று எமி விருதுகள் பெற்றது இந்த நுட்பத்துக்காகவே என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. வல்லரசு ஒன்று பிறநாட்டு அரசியலில் மறைந்து புகுவதைத் தொடர் நியாயமாகவே காட்டுகிறது. சுற்றிவளைப்பில், முகத்தை மறைத்துத் தலையசைத்தே ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் வாழும் மண்ணில் உளவு ஒரு பொழுதுபோக்கா? இந்தக் கேள்வியை மறந்துவிட்டு ரசியுங்கள் என்று சொல்வது நேர்மையல்ல. ஆனால் தொடரில் குழுவுக்குப் பணியைச் சொல்லும் ஒலிநாடாவே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: பிடிபட்டால், உங்களைத் தெரியாது என்று மேலிடம் கைகழுவிவிடும். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யலாகாது என்று வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரமும் சொல்கிறது. ஏவும் கை மறைந்தே இருக்கும் என்பது இரண்டுக்கும் பொது. ஆகவே ஓர் அத்தியாயத்தை இருமுறை பாருங்கள். முதல்முறை வேலைத்திறனைப் பாருங்கள். மறுமுறை, ஏவியவர் யார், விலை கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். இரண்டு பார்வைக்கும் இடங்கொடுப்பதால்தான் அரை நூற்றாண்டு கடந்தும் இத்தொடர் பார்க்கத் தகுந்ததாக இருக்கிறது.