தூணற்ற கூரையும் தொழுகை வரிசையும்

வணக்கத் தலம் ஒன்றை மதிப்பிடுவோர் அதன் உயரத்தையும் ஒளியையும் புகழ்ந்து அமைந்துவிடுகின்றனர். அக்கூரை தன் கீழுள்ள மனிதர்களை எவ்வாறு நிற்க வைக்கிறது என்பதே முதற்கண் கேட்கத்தக்க கேள்வியாகும். பொறியாளர்கள் 'ஸ்பேஸ் பிரேம்' எனும் முப்பரிமாணச் சட்டகம் வணக்கத் தலங்களுக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், இக்கேள்வி நம் கரையோர ஜமாஅத்துகளுக்கும் உரியதாகிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் வலை பின்னுவோரைக் கண்டவர்க்கு இச்சட்டகத்தின் இயல்பு எளிதில் விளங்கும். ஒரு கண்ணியில் விழும் இழுவையை முடிச்சுகள் சுற்றிலும் பகிர்ந்தளிக்கின்றன. சட்டகத்திலும் சிறு தண்டுகள் முடிச்சுகளிற் கூடி, முக்கோணங்களாகப் பிணைந்து, ஓரிடத்துப் பாரத்தைப் பல திசைகளுக்கு அனுப்புகின்றன. வலைநூல் இழுவையை மட்டும் தாங்கும். தண்டோ அழுத்தத்தையும் தாங்கும். ஆதலால் நடுவே தூணின்றி அகன்ற கூரை நிலைபெறுகிறது.

தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற சான்று ஆரோவில்லின் மாத்ரி மந்திர். 1971இல் அடிக்கல் இடப்பட்டு, ரோஜர் ஆஞ்சேயின் வடிவமைப்பில் 2008இல் நிறைவெய்திய இக்கோளம் கான்கிரீட் சட்டங்களின் பின்னலால் ஆனது. இதனை ஒரு மதத்தின் ஆலயமென அங்குள்ளோர் கூறுவதில்லை. தனிமனிதரின் மௌன ஒருமைக்கே அது உரியது. அந்நோக்குக்கு அதன் உள்ளறை பொருந்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தூணை வேண்டாத சட்டகத்தினுள்ளே கூரையைத் தொடாத பன்னிரண்டு தூண்கள் நிற்கின்றன. பொன்னிற வட்டத் தட்டுகள் புறத்தே பின்னலைப் போர்த்திவிடுகின்றன. தாங்குவது மறைந்து, தாங்காதது முன்னிற்கிறது! கலிபோர்னியாவில் பிலிப் ஜான்சன் வடிவமைத்து 1980இல் திறக்கப்பட்ட கண்ணாடித் தேவாலயம் இதற்கு நேர்மாறானது. அங்கே வெண்ணிற எஃகுப் பின்னலே கட்டடத்தின் அழகாய் விளங்கியது.

பள்ளிவாசலின் தேவை இவ்விரண்டினின்றும் வேறு. நம் வணக்கம் தோளோடு தோள் சேரும் வரிசையால் ஆனது. ரஸூலுல்லாஹ் (ஸல்) காலத்தில் தூண்களுக்கிடையே வரிசை கட்டுவதைத் தவிர்த்து வந்ததாக அனஸ் (ரலி) அறிவித்துள்ளார். தூண் வரிசையை அறுக்கும் என்பதை அறிஞர்கள் இதற்குக் காரணமாகக் கூறினர். நெருக்கடியில் அங்கு நிற்பதற்கு இடமளித்தும் விளக்கினர். எனவே தூணற்ற கூரை நமக்கு ஆடம்பரமன்று. ஸஃப்பின் ஒழுங்குக்குத் துணை. சட்டகத்தின் பெருமையை இங்குதான் காண வேண்டும். அதன்மேல் ஒட்டவைக்கும் போலிக் குவிமாடத்தில் அன்று.

இதனைக் காரணங்காட்டிக் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் கல்தூண் பள்ளிகளை இடிக்க முனைவது அறிவுடைமையாகாது. மதீனாவின் முதற்பள்ளியே பேரீச்ச மரத்தூண்களில் நின்றது. பழையதைக் காத்து, பெருகும் கூட்டத்துக்குப் பக்கத்தில் புதுக்கூடம் அமைத்தலே நன்று.

புதுக்கூடத்திற்கும் எச்சரிக்கை தேவை. ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர் ஏரியும் சூழ்ந்த பழவேற்காட்டில் உப்புக்காற்று எஃகை அரிக்கும். முடிச்சுகளில் ஈரம் தங்கின் கேடு கண்ணுக்குத் தெரியாமலே வளரும். அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகர அரங்கில் 1978 ஜனவரி 18 அன்று பனிப்பாரத்தால் இத்தகைய கூரை முழுதும் சரிந்தது. அழுத்தந் தாங்கும் தண்டுகளுக்குப் போதிய பிடிமானம் அளிக்காத வடிவமைப்புப் பிழை அதற்கு முதன்மையான காரணமாயிற்று. பாரத்தைப் பகிரும் அமைப்பில் பலவீனமும் பகிரப்படும் என்பதே அது தரும் பாடம். ஆகவே கூரை எழுப்பும் செலவோடு, ஆண்டுதோறும் முடிச்சுகளைச் சோதித்து வண்ணம் பூசும் செலவையும் ஜமாஅத் முன்னரே ஒதுக்க வேண்டும். அதற்கு வழியில்லாத சிற்றூருக்கு எளிய ஓட்டுக்கூரையே மேல்.

விசுவாசிகளை ஒன்றையொன்று வலுப்படுத்தும் கட்டடத்துக்கு ஒப்பிட்டது நபிமொழி. அவ்வுவமையைத் தலைக்குமேல் காட்டும் கூரை நல்லதுதான். அதன்கீழ் நிற்கும் வரிசையில் அது மெய்ப்படாவிடின், எந்தச் சட்டகமும் பள்ளியைத் தாங்காது. அல்லாஹு அஃலம்.