சுற்றுகளை எண்ணுங்கள்

ஃபார்முலா 1 சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் எல்லோரும் முதலில் பார்ப்பது நேரப் பட்டியலைத்தான். அதை நம்பி யாரோடும் பந்தயம் கட்டிவிடாதீர்கள். டேங்கில் பத்து கிலோ எரிபொருள் கூடினாலே சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போய்விடும். யார் எவ்வளவு ஊற்றினார்கள், எஞ்சினை எவ்வளவு அடக்கி ஓட்டினார்கள் என்பதெல்லாம் அந்தந்த அணிக்குத்தான் வெளிச்சம். 2019 பார்சிலோனா சோதனையில் ஃபெராரியின் வெட்டல் 0.003 விநாடி வித்தியாசத்தில் மெர்சிடிஸின் ஹாமில்டனை முந்தினார். இந்த வருஷம் சிவப்புக் கார்தான் என்றார்கள். முதல் பந்தயத்தில், மெல்போர்னில், ஜெயித்தது மெர்சிடிஸின் பொட்டாஸ். வெட்டல் நான்காவது, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பின்னால்.

அதனால் சுற்றுகளை எண்ணுங்கள். எஞ்சின் விதி மாறும் ஆண்டில், புது எஞ்சின் தாங்குகிறதா என்று காட்ட இவ்வளவு நேர்மையான எண் வேறு கிடையாது. 2014-இல் 2.4 லிட்டர் வி8 போய், 1.6 லிட்டர் டர்போ வி6-ம் அதோடு இரண்டு மின் மோட்டார்களும் பெரிய பேட்டரியும் வந்தன. ஸ்பெயினின் ஹெரெஸில் முதல் சோதனை. நான்கு நாளில் மெர்சிடிஸ் 309 சுற்று ஓடியது. அதற்கு முன் தொடர்ந்து நான்கு முறை சாம்பியனான ரெட்புல், ரெனோ எஞ்சினோடு ஓடியது வெறும் 21. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 16 மெர்சிடிஸுக்கு. மிச்சம் மூன்றையும் அதே ரெட்புல்லில் ரிக்கியார்டோ ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுக் கணக்கு ஜாதகமல்ல.

இன்னொரு நுணுக்கம்: அணிவாரியாக மட்டும் எண்ணாமல் எஞ்சின்வாரியாகவும் கூட்டிப் பாருங்கள். ஒரே எஞ்சின் வாங்கிய அணிகள் எல்லாமே கராஜில் முடங்கினால் கோளாறு எஞ்சினில். ஒன்று மட்டும் முடங்கினால் பெரும்பாலும் அந்தக் காரில்.

பேட்டரியைக் கணிக்கக் காதும் வேண்டும். 2026 விதிகளில் மின் மோட்டாரின் உச்சத் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குத் தாவியது. டர்போவிலிருந்து மின்சாரம் எடுத்த இன்னொரு மோட்டார் நீக்கப்பட்டது. செலவு கூடியது, வரவுக்கான வழி ஒன்று அடைபட்டது. ஆகவே நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் எஞ்சின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கவனியுங்கள். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போதே, பிரேக் பிடிக்கும் இடம் வருமுன், வேகம் சரியும். மின்சாரம் தீர்ந்திருக்கும், அல்லது எஞ்சினே பேட்டரியை ஏற்றிக்கொண்டிருக்கும். யாருடைய கார் அந்தச் சரிவைத் தள்ளிப்போடுகிறதோ அவர்களை நான் குறித்துவைப்பேன், பட்டியலில் பத்தாவதாக இருந்தாலும்.

வதந்திகளையும் ஒதுக்காதீர்கள், பாதி சுவை அதில்தான். 2026 விதி எஞ்சினின் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படலாம் என்பதை, 18-லிருந்து 16-ஆகக் குறைத்தது. குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் 16, சூடேறி ஓடும்போது அதற்கு மேல் என்று ஒரு தயாரிப்பாளர் தந்திரம் செய்திருப்பதாக அந்தச் சீசனுக்கு முந்தைய குளிர்காலம் முழுக்கப் பேச்சு. இப்படி ஒன்று காதில் விழுந்தால், உண்மையா என்று கேட்பதற்கு முன் புகார் சொல்பவர் யார் என்று பாருங்கள். தன் எஞ்சினில் நம்பிக்கை உள்ளவர் பிறர் எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேச மாட்டார்.