நாலு வடிகட்டி, ஒரு விசிறி

2021ஆம் ஆண்டு பள்ளிகள் மறுபடி திறந்தபோது, அமெரிக்கப் பெற்றோர் சிலர் பிள்ளைகளின் புத்தகப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளங்கை அளவிலான ஒரு மீட்டரையும் வைத்து அனுப்பினார்கள். வகுப்பறைக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது குறித்துக்கொள்ளும். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் அன்றைய கோட்டைக் கைபேசியில் பார்க்கலாம். காலையில் தாழ்வாகத் தொடங்கும் கோடு, பாடவேளை நீள நீள ஏறும். உணவு இடைவேளையில் இறங்கும். பிற்பகலில் மறுபடி ஏறும். சில பள்ளி நிர்வாகங்கள் இதை ரசிக்கவில்லை. ஆனால் வகுப்பறைக் காற்றுக்கான இயக்கம் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் சூடுபிடித்ததற்கு இந்தச் சின்ன மீட்டர் ஒரு முக்கியக் காரணம்.

அளக்கும் யோசனை பழையது. மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இலேயே அறைக்காற்றின் தரத்துக்குக் கரியமில வாயுவை அடையாளமாகக் கொண்டார். பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கைத் தாண்டினால் அந்த அறை மனிதர் நெடுநேரம் இருக்கத் தக்கதல்ல என்றார். அந்த அளவில் கரியமில வாயு விஷம் என்று அவர் சொல்லவில்லை. மூச்சில் வெளிவரும் மற்றவையும் அறையிலேயே தங்கிக்கொண்டிருக்கின்றன என்பதற்கான சாட்சியாகவே அதைக் கண்டார். இன்று வெளிக்காற்றில் இந்த அளவு 420 பங்குக்குச் சற்று மேல். மூடிய வகுப்பறையில் மீட்டர் 2,000 காட்டினால், பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிறர் விட்ட மூச்சு கணிசமாகக் கலந்திருக்கிறது என்று பொருள். பாடப்புத்தகம் இல்லாமலே ஒரு தாய்க்கு இது விளங்கிவிடும். இயக்கத்தின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேச, நிபுணர் அல்லாதவர் கையிலும் ஓர் எண் வந்து சேர்ந்தது.

சன்னலைத் திறந்தால் தீராதா என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் அது அத்தனை எளிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு. காசநோய்க்கு அஞ்சிய காலம் அது. பிறகு அந்த அளவு பத்தாகச் சுருங்கியது. 1970களின் எண்ணெய் நெருக்கடி வந்ததும் காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவு கண்ணை உறுத்தியது. கட்டடங்கள் இறுக்கி மூடப்பட்டன. 1981இல் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கத்தின் தரநிலை ஐந்து கன அடிக்கு இறங்கியது. 1989இல் அது 15 ஆக உயர்ந்தாலும், இடைக்காலத்தில் எழுந்த கட்டடங்களின் திறக்காத சன்னல்கள் திறக்காதவையாகவே இருந்தன. நாடெங்கும் சுமார் 36,000 பள்ளிகளின் காற்றோட்ட, வெப்ப அமைப்புகளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்று அரசின் தணிக்கை அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. தொற்று பரவத் தொடங்கியபோது பள்ளிகளின் நிலை இதுதான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிறந்தது கோர்சி-ரோசன்தால் பெட்டி. போர்ட்லாந்தில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் கோர்சி யோசனை சொன்னார். டெக்சாசில் வடிகட்டி நிறுவனம் நடத்திய ஜிம் ரோசன்தால் செய்து பார்த்தார். 20 அங்குலச் சதுர மின்விசிறி ஒன்று, அதே அளவில் நாலைந்து வடிகட்டிகள், அட்டை, ஒட்டும் பட்டை. வடிகட்டிகளைச் சுவர்களாக நிறுத்தி, மேலே விசிறியைக் கவிழ்த்து ஒட்டினால் வேலை முடிந்தது. இதில் பயன்படும் மெர்வ்-13 ரக வடிகட்டி, ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் ஏறக்குறையப் பாதியைத்தான் ஒரே சுற்றில் பிடிக்கும். மருத்துவமனைகளில் இருக்கும் ஹெபா வடிகட்டியோ 99.97 விழுக்காடு பிடிக்கும். ஆனாலும் பெட்டி தோற்பதில்லை, ஏனென்றால் அதன் வழியே ஓடும் காற்றின் அளவு மிகப் பெரியது. விட்டதை அடுத்த சுற்றில் பிடித்துவிடுகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நிமிடத்துக்கு 600 முதல் 850 கன அடி வரை சுத்தக் காற்றை அது தந்தது. அதே அளவு காற்றுக்குக் கடையில் வாங்கும் கருவிகளோடு ஒப்பிட்டால் செலவு பத்தில் ஒரு பங்குதான்.

இந்தப் பெட்டியின் மேல் எனக்கு உள்ள மரியாதை செலவுக் கணக்கோடு முடிவதில்லை. மாணவர்கள் தங்கள் கையாலேயே அதைச் செய்தார்கள். வடிகட்டியில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், இடுக்கில் ஒட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தங்கள் அறையின் காற்றுக்குத் தாங்களே ஒன்று செய்ய முடியும் என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை அறிந்துகொள்வது சிறிய பாடமல்ல. தீப்பிடிக்கும் என்று சில நிர்வாகங்கள் அஞ்சின. வடிகட்டி பொருத்திய பெட்டி விசிறிகளைப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தியபோது, வெப்பநிலை ஆபத்தான அளவுக்கு ஏறவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆஷ்ரே 2023இல் வெளியிட்ட 241ஆம் தரநிலை, தொற்று பரவும் காலத்தில் வகுப்பறையில் ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 40 கன அடி சுத்தக் காற்று வேண்டும் என்கிறது. 25 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் இருந்தால் 1,040 கன அடி. முழு வேகத்தில் சுற்றும் ஒரு பெட்டி மட்டும் அதற்குப் போதாது. முழு வேகத்தில் சுற்றினால் ஆசிரியரின் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. அதனால் வேகத்தைக் குறைப்பார்கள். காற்றின் அளவும் குறையும். வாசிப்பு வேளையில் அணைப்பார்கள். பிறகு போட மறப்பார்கள். இரண்டு பெட்டிகளைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் ‘வகுப்புக்கு ஒன்று’ என்ற முழக்கம் எளிதாக நாவில் உட்கார்ந்துவிட்டது. வகுப்புக்கு ஒன்று கொடுத்த பள்ளி, தன் வேலை முடிந்தது என்று நம்பவும் செய்தது.

இயக்கத்தின் இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பது இதைவிட ஆழமான சிக்கல். வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. பெட்டி நாள் முழுக்க ஓடி நுண்துளிகளை வாரி எடுத்துவிட்டாலும், சன்னல் மூடியிருந்தால் மீட்டர் அதே 1,800ஐத்தான் காட்டும். பெட்டி பயனற்றது என்று மீட்டரைப் பார்க்கும் பெற்றோர் முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்ல முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாளில் சன்னலைத் திறந்தால் மீட்டரின் எண் அழகாக இறங்கும், பிள்ளையின் நுரையீரலுக்குள் புகை இறங்கும். பெட்டன்கோஃபரின் எண் காற்றோட்டத்துக்கான சாட்சி, காற்றின் தூய்மைக்கான சான்றிதழ் அன்று. துகளை அளக்கும் கருவியையும் பக்கத்தில் வைத்து, எது எதைச் சொல்கிறது என்று விளக்கியிருக்க வேண்டும். சில குழுக்கள் விளக்கின. பல குழுக்கள் ஒற்றை எண்ணின் கவர்ச்சியில் நின்றுவிட்டன.

ஆதாரங்களைக் கையாண்ட விதத்திலும் இதே அவசரம் தெரிகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் 169 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் கோவிட் தொற்று 39 விழுக்காடு குறைவு என்று 2021 மே மாதம் அறிவித்தது. வடிகட்டலும் சேர்ந்த இடங்களில் 48 விழுக்காடு குறைவு. மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் அணுகப்பட்ட 1,461 பள்ளிகளில் பதில் தந்தவை அந்த 169 மட்டுமே. எந்தப் பள்ளி பதில் தரும்? பெரும்பாலும், ஏதாவது செய்திருந்த பள்ளிதான். இத்தாலியின் மார்க்கே பகுதியில் 10,441 வகுப்பறைகளைப் பார்த்த ஆய்வில், அவற்றில் இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய 316 அறைகளில் காற்று போதிய அளவு மாறியபோது தொற்று அபாயம் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாகத் தெரியவந்தது. அதுவும் நோக்காய்வுதான், எந்த அறைக்கு இயந்திரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யவில்லை.

மதிப்பெண் பற்றிய வாதம் இன்னும் மெலிந்த நூலில் தொங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே அலிசோ கான்யனில் 2015 அக்டோபரில் எரிவாயு கசிந்தபோது, ஐந்து மைல் தொலைவுக்குள் இருந்த பள்ளிகளில் காற்று வடிகட்டிகள் வைக்கப்பட்டன. அங்கே கணித மதிப்பெண் திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது என்று பொருளியலாளர் மைக்கேல் கில்ரெய்ன் கணக்கிட்டார். 2020 தொடக்கத்தில் அந்தச் செய்தி எங்கும் பரவியது. வடிகட்டி வைத்தால் மார்க் கூடும்! கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன், அந்த ஐந்து மைல் எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள புள்ளிகளில் அப்படியொரு தாவல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும், கோட்டைப் பொருத்திய முறையே அதை உண்டாக்குகிறது என்றும் ஐயம் எழுப்பினார். அந்த மறுப்பை இயக்கத்தின் துண்டறிக்கைகளில் யாரும் சேர்க்கவில்லை. பிள்ளை சுத்தமான காற்றை மூச்சாக இழுக்க வேண்டும் என்பதற்கு மார்க் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? குடிநீர்க் குழாய் கேட்கும்போது நாம் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவதில்லையே.

இப்படி வாக்குறுதியைப் பெரிதாக்குவது ஏன் ஆபத்து என்பதற்குப் பெருந்தொற்றுக்கும் முன்பே ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. பிலடெல்பியாவில் வில்லியம் வெல்ஸும் அவர் மனைவி மில்ட்ரெட்டும் 1937 முதல் பள்ளி வகுப்பறைகளின் மேற்பகுதியில் புறஊதா விளக்குகளைப் பொருத்தி, மேலேறும் காற்றில் உள்ள கிருமிகளைக் கொல்ல முயன்றார்கள். 1941இல் தட்டம்மை பரவியபோது, விளக்கில்லாத வகுப்புகளில் அம்மைக்கு ஆளாகக்கூடிய பிள்ளைகளில் 53.6 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. விளக்கிருந்த வகுப்புகளில் 13.3 விழுக்காடு. காற்று வழியே நோய் பரவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அன்று இல்லை. பின்னர் நியூயார்க் மாநிலக் கிராமப்புறப் பள்ளிகளில் அதே முயற்சி நடந்தது. இம்முறை பலன் மங்கிப்போனது. அங்கே பிள்ளைகள் ஒரே பேருந்தில் நெருக்கியடித்து வந்தார்கள், வகுப்புக்கு வெளியே கலந்து பழகினார்கள். விளக்கு எரிந்தது வகுப்பறையில் மட்டும். லண்டனின் சவுத்தால் பகுதியில் நடந்த சோதனையும் கைகொடுக்கவில்லை. விளக்கு எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. 1963இல் தட்டம்மைத் தடுப்பூசியும் வந்தது. பள்ளிக் காற்றைச் சுத்தம் செய்யும் யோசனை பல பத்தாண்டுகள் பரணில் கிடந்தது. ‘இது தொற்றை ஒழிக்கும்’ என்று இன்று சொல்லும் ஒவ்வொரு துண்டறிக்கையும், நாளை ஒரு சோதனையில் பலன் குறைவாகத் தெரிந்தால் மொத்த இயக்கத்தையும் அதே பரணில் ஏற்றுவதற்கான ஏணி என்று நான் அஞ்சுகிறேன்.

பணத்தின் வழியும் ஒன்றைச் சொல்கிறது. 2021 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்க மீட்புச் சட்டம் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 12,200 கோடி டாலர் ஒதுக்கியது. காற்றோட்டத்துக்கும் அதைச் செலவிடலாம். அதை நல்ல வழியில் செலவிட்ட இடங்கள் உண்டு. அயனிகளைத் தெளித்துக் காற்றைச் சுத்தமாக்குவதாகச் சொல்லும் மின்னணுக் கருவிகளை வாங்கிக் குவித்த இடங்களும் உண்டு. அவற்றின் பலன் நிறுவப்படவில்லை என்று 2021 ஏப்ரலில் அறிவியலாளர்கள் திறந்த மடல் எழுத வேண்டியிருந்தது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 2.5 கோடி பவுண்டு செலவில் மூன்று லட்சம் கரியமில வாயு மீட்டர்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. மீட்டர் ஏறும்போதெல்லாம் ஆசிரியர் சன்னலைத் திறந்தார். குளிர்காலத்தில் பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்தார்கள். மீட்டர் உண்மையைச் சொன்னது. ஆனால் சன்னலைச் செப்பனிடவும், காற்றைச் சூடாக்கி உள்ளே விடும் இயந்திரம் வைக்கவும் அதே வேகத்தில் பணம் வரவில்லை. குறையைக் கண்டுபிடிக்கும் கருவியை எல்லோருக்கும் கொடுத்து, தீர்க்கும் வழியைச் சிலருக்கே கொடுத்தால் அந்தச் சுமை ஆசிரியரின் தலையில் இறங்குகிறது.

பெற்றோர் கூடிப் பெட்டி செய்யும் சனிக்கிழமைகளும் சமமாகக் கிடைப்பவை அல்ல. சனிக்கிழமை ஓய்வு உள்ளவர்கள், வடிகட்டிக்குக் கொடுக்கப் பணம் உள்ளவர்கள், நிர்வாகத்தோடு தயங்காமல் பேசத் தெரிந்தவர்கள் வாழும் பகுதியில் அது நடக்கும். நெடுஞ்சாலையை ஒட்டி, பழைய கட்டடத்தில் இயங்கும் பள்ளியின் பெற்றோர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். அதிக மாசைச் சுவாசிக்கும் பிள்ளைக்குப் பெட்டி கடைசியாகத்தான் வந்து சேருகிறது.

ஆகவே தன்னார்வத்தைத் தாண்டிய இரண்டு முயற்சிகளை நான் அதிகம் மதிக்கிறேன். பாஸ்டன் நகரப் பள்ளிகள் 4,000க்கும் மேற்பட்ட உணரிகளை அறைகளில் பொருத்தி, அளவுகளை யாரும் பார்க்கும்படி வைத்தன. மீட்டரைப் பையில் ஒளித்து அனுப்ப வேண்டிய தேவை அங்கே இல்லாமல் போனது. கனெக்டிகட்டில், பல்கலைக்கழகமும் பள்ளி மாணவர்களும் சேர்ந்து பெட்டி செய்த முயற்சி வளர்ந்து, அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோக 2024இல் மாநிலம் 1.15 கோடி டாலர் ஒதுக்கியது. இரண்டும் முழுமையானவை அல்ல. உணரி காற்றைச் சுத்தம் செய்யாது; ஒருமுறை ஒதுக்கிய பணம் ஆண்டுதோறும் வடிகட்டி வாங்காது. ஆனால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இரண்டிலும் ஒரு முகவரி இருக்கிறது. 2024இல் லிடியா மொராவ்ஸ்காவும் பிற அறிவியலாளர்களும், பொதுக் கட்டடங்களுக்கு நுண்துகள், கரியமில வாயு, ஆளுக்கு விநாடிக்கு 14 லிட்டர் வெளிக்காற்று என்று சட்டக் கட்டாயமுள்ள அளவுகள் வேண்டும் எனக் கேட்டதும் இதற்காகத்தான். 241ஆம் தரநிலைகூட, ஒரு மாநிலமோ நகரமோ தன் கட்டட விதியில் சேர்க்கும்வரை வெறும் பரிந்துரைதான்.

பெட்டி செய்பவர்கள் விசிறியின் ஓரத்தில் வடிகட்டி பொருத்திய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதுவதுண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வடிகட்டியை மாற்ற வேண்டும். முதல் தேதியை எழுதிய பெற்றோரின் பிள்ளை அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். ஒரு பள்ளியின் காற்றைப் பற்றி விசாரிக்கப் போனால், நான் முதலில் பார்ப்பது அந்தப் பேனா எழுத்தின் கீழே இரண்டாவது தேதி இருக்கிறதா என்பதைத்தான். பிறகு, அதை எழுதியவரின் சம்பளப் பட்டியலில் அந்த வேலை குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை.