இயந்திரம் பேசாத நாடகம்

2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி நான்கு இரவுகள் ஒரு நாடகத்தை ஒளிபரப்பியது. பெயர் ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’. சிற்றூர்களில் கடையோடு சேர்த்துக் கிளை அஞ்சலகம் நடத்திய எளிய மனிதர்களின் கதை. ஃபுஜிட்சு நிறுவனம் அமைத்துக் கொடுத்த ஹொரைஸன் என்ற கணக்கு மென்பொருள், நடக்காத பண இழப்பை நடந்ததாகத் திரையில் காட்டியது. திரையை நம்பிய அஞ்சல் நிறுவனம் அவர்களைத் திருடர்கள் என்றது. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. பாதிக்கப்பட்டவர்களில் சிறைக்குப் போனவர்கள், வீட்டை இழந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

இவை எதுவும் 2024இல் புதிய செய்தி இல்லை. ‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ் 2009இலேயே எழுதிவிட்டது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பில் பதிவு செய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை நீக்கியது. அரசு அமைத்த விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் நாடு அசையவில்லை. நாடகம் வந்த ஐந்தாம் மாதம், மே 24 அன்று, தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் பிறந்தது.

செயற்கை நுண்ணறிவின் அறத்தை நாடகத்தாலும் கதையாலும் கற்பிக்கலாம் என்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஹொரைஸன் செயற்கை நுண்ணறிவு அல்ல, வெறும் கணக்கு மென்பொருள்தானே என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பு நிற்காது. இயந்திரம் சொன்னது தவறு என்று நிரூபிக்கும் சுமை மனிதர் தலையில் விழுந்ததே இங்கே நடந்த அநீதி. கடன் விண்ணப்பத்தைத் தள்ளும் நிரலுக்கு முன்னாலும், வேலை கேட்டவரைக் கழித்துக்கட்டும் நிரலுக்கு முன்னாலும் மனிதர் அதே சுமையோடுதான் நிற்கிறார். ஆகவே, நாடகத்துக்கு வலிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குவோம். அந்த வலிமை எதைக் கற்பிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

தொடரில் ஒரு காட்சி. கிளை நடத்தும் பெண் உதவி எண்ணை அழைக்கிறார். மறுமுனையில் சொல்லச் சொல்லப் பொத்தான்களை அழுத்துகிறார். அவர் கண்ணெதிரே பற்றாக்குறை இரண்டு மடங்காகிறது. உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிவைத்திருந்தார்கள். அதிகாரத்தின் முன் தனியாக நிற்கும் நேர்மையானவருக்குத் தன்மீதே சந்தேகம் வரும் என்பதை அந்த ஒரு நிமிடம் புரியவைக்கிறது. நூறு பக்க அறிக்கையால் அது முடியாது.

அதே தொடர் முன்னிறுத்தாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 69ஆம் பிரிவு, கணினிச் சான்றைக் கொண்டுவருபவரே அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்றது. 1999இல் இயற்றிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதற்குப் பிறகு, மாறாக எதுவும் காட்டப்படாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்றாயிற்று. இந்த அனுமானத்துக்கு முகம் கிடையாது, குரல் கிடையாது, இதன் வேடத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. நாடகம் காட்டியதைப் போன்ற மனிதர்களின் எஞ்சிய தண்டனைகளும் 2024இல் நீங்கின. முகமற்ற விதி நீடித்தது. அதைப்பற்றி அரசு கருத்துக் கேட்கத் தொடங்கியதே 2025 ஜனவரியில்தான். இதை நாடகத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் நாடகம் மட்டுமே பாடமாகும் வகுப்பில் இந்த விதி மாணவர் கண்ணில் படாமலே போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இயந்திரத்தையே பாத்திரமாக்கும் கதைகளில் இருக்கிறது. 1921இல் பிராகில் மேடையேறிய காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்திலிருந்தே இது தொடர்கிறது. 1923இல் லண்டனில் பெர்னார்ட் ஷாவும் செஸ்டர்டனும் அந்த நாடகத்தின் பொருளைப்பற்றி விவாதித்தார்கள். அதற்குப் பதில் எழுதிய சாப்பெக், தனக்கு ரோபோக்களைவிட மனிதர்கள்மீதே அக்கறை அதிகம் என்று வருத்தத்தோடு விளக்க நேர்ந்தது. அவர் எழுதியதும் அப்படித்தான். மனிதரை உழைப்பிலிருந்து விடுவிக்க நினைக்கும் மேலாளர், இரக்கத்தால் இயங்கும் ஹெலனா, வணிகத்தைப் பார்ப்பவர் என்று ஆளுக்கொரு நல்ல காரணம் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் தங்கள் வரையில் சரியாக இருந்தே பேரழிவு வருகிறது. இன்றைய தொழில்நுட்ப நிறுவனத்தின் கூட்ட அறைக்கு இதைவிடப் பொருந்தும் நாடகம் எனக்குத் தெரியாது. இருந்தும் பார்த்தவர் மனதில் தங்கியது ரோபோக்களின் கலகம் மட்டுமே.

நம் ‘எந்திரன்’ (2010) படத்திலும் இதே நழுவல் நடக்கிறது. மதிப்பீட்டுக் குழு நிராகரித்த சிட்டி என்ற ரோபோவின் பயனை நிரூபிக்க, அதை உருவாக்கிய விஞ்ஞானி அதை எரியும் கட்டடத்துக்குள் அனுப்புகிறார். சிட்டி பலரைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் முன் நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடியவள் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். கட்டளை பிசகாமல் நிறைவேறியும் உயிர் போனது. கட்டளை எழுதியவர் எதை எழுதாமல் விட்டார் என்று கேட்கவைக்கும் இந்தக் காட்சி, செயற்கை நுண்ணறிவு அறத்தின் நடுவிலிருக்கும் கேள்வியைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. தமிழ் வகுப்பறையில் இதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பேன். காட்டிவிட்டு அங்கேயே நிறுத்த வேண்டும் என்றும் சொல்வேன். ஏனென்றால் படம் தரும் விடை, சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டுவது. அதற்குப் பிறகு காதலும் சிட்டியைக் கொடியதாக்கும் சிவப்புச் சில்லும் கதையை எடுத்துக்கொள்கின்றன. குழு மறுத்த இயந்திரத்தை மக்கள் நடுவே இறக்கியவரின் பொறுப்பு என்ன என்ற கேள்வி திரும்பி வரவேயில்லை.

கதை தவறான பாடம் நடத்தியதற்கு இன்னும் தெளிவான சான்று எம்ஐடியின் ‘மாரல் மெஷின்’. 2016இல் இணையத்தில் தொடங்கிய இந்த ஆய்வு ஒரு குறுங்கதையை மாற்றி மாற்றிச் சொன்னது. பிரேக் பிடிக்காத தானியங்கிக் கார் முதியவரை மோதுவதா, குழந்தையை மோதுவதா? 233 நாடுகளிலிருந்தும் ஆட்சிப்பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 4 கோடி முடிவுகள் குவிந்தன. 2018இல் ‘நேச்சர்’ இதழ் அவற்றை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனாவில் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை ஊபரின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. வாகனம், வேறு ஏதோ, சைக்கிள் என்று வகையை மாற்றிக்கொண்டே இருந்தது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்பதை நிரல் கணக்கிலெடுக்கவே இல்லை. அந்த வால்வோ காரின் சொந்த அவசர பிரேக், நிரல் ஓட்டும்போது அணைந்திருக்கும்படி வைத்திருந்தார்கள். உயிருக்கு உயிர் எடைபோடும் தருணம் அங்கே வரவே இல்லை. அதற்குப் பல மாதங்கள் முன்பே, விளக்கெரியும் அலுவலகங்களில் எல்லாம் முடிவாகியிருந்தது. ஊபர்மீது குற்ற வழக்கு வரவில்லை. உள்ளே அமர்ந்திருந்த மேற்பார்வை ஓட்டுநர்மீது வந்தது. அந்தக் கடைசி நொடியையே பார்க்கப் பழகிய சமூகம், பொறுப்பையும் கடைசி நொடியில் இருந்தவரிடமே தேடும்.

அறிவியல் புனைகதை வழியாகக் கற்பிப்பவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். எமானுயெல் பர்ட்டன், ஜூடி கோல்ட்ஸ்மித், நிக்கோலஸ் மட்டேய் மூவரும் 2018இல் எழுதிய கட்டுரை ஒரு நல்ல நியாயத்தை முன்வைக்கிறது. நடப்புச் செய்தியில் மாணவர் முன்பே ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். கற்பனை உலகம் அந்தச் சாய்வைத் தளர்த்தும். உண்மைதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கேசி ஃபீஸ்லர், ‘பிளாக் மிரர்’ தொலைக்காட்சித் தொடரின் பாணியில் மாணவர்களையே கதை பின்னச் சொல்வது இன்னும் ஒரு படி மேல். பின்னுபவர் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. ஆனால் எதிர்காலக் கதை, பிழையையும் எதிர்காலத்துக்கே தள்ளிவிடுகிறது. சென்ற மாதம் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் அந்த உலகில் இடம்பெறாது.

எண்களில் மட்டும் தெரியும் தீங்கு மேடைக்கு வராது என்பது நாடகத்தின்மீதான கடினமான ஆட்சேபம். ஆய்வாளர் ஜாய் புவோலம்வினி அதற்குப் பாதி விடை தந்திருக்கிறார். 2018இல் டிம்னிட் கெப்ருவுடன் அவர் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக நிரல்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடும், கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரையும் தவறின. அதே ஆண்டு அதே பொருளை ஒரு கவிதையாகவும் நிகழ்த்தினார். ஆய்வு இல்லாமல் வந்திருந்தால் அந்தக் கவிதையை ஒருவரின் மனக்குறை என்று ஒதுக்கியிருப்பார்கள்.

என் தீர்ப்பு இதுதான். முறை சரியானது, பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டியது. ஆனால் வேடப் பட்டியலில் இயந்திரத்தின் பெயர் இருக்கக் கூடாது, ஆவணம் இல்லாமல் கதை வரக் கூடாது, மாணவர் கதையை நிறுத்தி மாற்றும் உரிமை பெற வேண்டும். மூன்றாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். 1930இல் பெர்டோல்ட் பிரெக்ட், வழக்கத்துக்குப் பணிந்து தன் சாவுக்குச் சம்மதிக்கும் சிறுவனைப்பற்றிப் பள்ளி நாடகம் ஒன்றை எழுதினார். பெர்லினின் நொய்க்கல்ன் பகுதிப் பள்ளி மாணவர்கள் அந்தச் சம்மதத்தைக் கேள்வி கேட்டார்கள். பிரெக்ட் நாடகத்தைத் திருத்தியதோடு, சிறுவன் மறுத்துவிடும் இன்னொரு நாடகத்தையும் எழுதினார். பிரேசிலின் அகஸ்டோ போவால் இதை மேலும் நீட்டி, பார்வையாளர் எழுந்து நிறுத்து என்று சொல்லி நடிகரின் இடத்தில் தானே நிற்கும் அரங்கை உருவாக்கினார். 1993 முதல் 1996 வரை ரியோ நகரமன்ற உறுப்பினராக இருந்து, அந்த அரங்கில் எழுந்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்களை நிறைவேற்றவும் செய்தார். மன்றத்தில் ஓர் இருக்கை அவருக்கு இருந்ததால்தான் அது முடிந்தது என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

டெம்பி விபத்தைப் பொறியியல் வகுப்பில் நடிக்கலாம். வகைகளை வரையறுத்த பொறியாளர், பிரேக்கை அணைக்க ஒப்புக்கொண்ட மேலாளர், சோதனைக் கார்களை மாநிலத்துக்கு வரவேற்ற ஆளுநர், இருக்கையில் இருந்த ஓட்டுநர், வழக்கை முடிவு செய்த அரசு வழக்கறிஞர் என ஐந்து வேடங்கள் போதும். விபத்தை ஆராய்ந்த விசாரணை வாரியத்தின் அறிக்கை மேசைமேல் இருக்கட்டும். மேலாளர் வேடத்தில் இருப்பவரை யாராவது நிறுத்தி, அந்த இடத்தில் நின்று, எந்தக் கூட்டத்தில் யாரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று பேசிக்காட்டட்டும். மதிப்பெண் தருவதென்றால் அந்தப் பேச்சுக்குத் தரலாம். நாடகம் முடிந்தபின் மாணவர் எழுதித் தரும் நெகிழ்ச்சியான கட்டுரைக்குத் தர வேண்டாம்.