கேம் திரையைப் பார்க்கும் விதம்

வீடியோ கேமின் ஓவியம் கண்ணுக்கு மட்டும் வரையப்படுவதில்லை. அதற்குள் நடக்க வேண்டும், தாவ வேண்டும், ஒளிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் கேமரா எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் பார்வையாளர் பார்க்க முடியும். கேமில் ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று வரைந்தவருக்கே தெரியாது. பெரும்பாலான கேம்களில் நொடிக்கு 30 அல்லது 60 முறை திரை முழுவதும் புதிதாக வரையப்படுகிறது. அந்த ஓட்டத்துக்கு நடுவே எந்தக் கதவு திறக்கும், எந்தக் கிளை பாரம் தாங்கும், வருபவன் நண்பனா எதிரியா என்பது ஆடுபவருக்கு உடனே பிடிபட வேண்டும். அதனால் கேம் ஓவியரின் முதல் வேலை வேண்டாததைக் கழிப்பது. ரசிப்பவரும் அங்கேயே தொடங்கலாம்: இந்தத் திரையில் என்னென்ன இல்லை?

கழித்து வரைவது கொல்கத்தாவுக்குப் பழகிய வித்தை. காளிகாட்டில் இன்றிருக்கும் காளி கோயில் 1809இல் கட்டி முடிந்தது. மேதினிபூர் போன்ற பகுதிகளிலிருந்து வந்த பட்டுவா ஓவியர்கள் கோயிலைச் சுற்றிக் கடை போட்டார்கள். சொந்த ஊரில் அவர்கள் வரைந்தவை நீண்ட சுருள்கள். கட்டம் கட்டமாக விரித்து, பாடியபடியே கதை சொல்வார்கள். கோயில் வாசலில் அதற்கெல்லாம் நேரமில்லை. சில்லறைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு யாத்ரிகர் நகர்ந்துவிடுவார். ஆகவே மலிவான மில் காகிதத்தில் ஓரிரு உருவங்கள், சுற்றிலும் வெறும் வெள்ளை. தோளில் தொடங்கி முழங்கை வரை ஒரே இழுப்பில் இறங்கும் கோடு. கோட்டின் உள்விளிம்பில் நிறம் அடர்த்தியாக நிற்கும், உள்ளே போகப் போக நீர்த்துவிடும். அந்த ஒரு நிழலிலேயே கை உருண்டு திரண்டுவிடும். வீட்டில் ஒருவர் கோடு போட, மற்றவர்கள் நிறம் நிரப்புவார்கள். இறாலைக் கவ்விய பூனையின் முகத்தில் வைணவச் சின்னம் ஒன்றை இட்டால் போதும், போலிச் சாமியார் யாரென்று தெருவே சிரிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவான அச்சுப் படங்கள் இந்தத் தொழிலை முடித்துவைத்தன.

முதல் தலைமுறை கேம் ஓவியர்களின் நெருக்கடியும் இதேதான்: கொஞ்சம் பொருள், கொஞ்சம் இடம், பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். 1981இல் வந்த ‘டாங்கி காங்’ கேமுக்காக ஷிகேரு மியாமோட்டோ வரைந்த ஆள்தான் பின்னாளில் மாரியோ ஆனான். சில பிக்சல்களுக்குள் தலைமுடியை வரைய முடியாது, தொப்பி வைத்தார். வாய் தெரியாது, மூக்கின் கீழே மீசை வைத்தார். கை ஆடுவது தெரிய வேண்டும். சட்டைக்கும் அதன்மேல் மாட்டிய ஓவரால்ஸுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தார். உலகமே அறிந்த அந்தத் தோற்றத்தில் அலங்காரம் என்று எதுவுமில்லை, எல்லாம் சமாளிப்பு. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஓடிய நின்டெண்டோ கருவியின் திரை அகலம் 256 பிக்சல். அசையும் சிறு உருவம் ஒன்றுக்கு மூன்று நிறமே கிடைக்கும். இந்தச் சிறு உருவத்தைத்தான் ‘ஸ்ப்ரைட்’ என்கிறார்கள். அந்த கேமில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை. இதைச் சொன்ன பிறகும் பெரும்பாலானோர் திரும்பப் போய்ப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நிழலுரு. ஓர் உருவத்தின் உள்ளே இருப்பதையெல்லாம் கறுப்பாக்கிவிட்டாலும் அது யார், என்ன செய்கிறது என்று தெரிகிறதா? கேம் ஸ்டுடியோக்களில் பாத்திரம் வரைபவர்கள் வழக்கமாக வைக்கும் சோதனை இது. கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கேம் இந்தக் கறுப்பிலிருந்தே பிறந்தது. புகைப்படக் கலைஞரும் நிறுவல் கலைஞருமான லீனா கேஜ்ரிவால், கடத்தப்படும் சிறுமிகளைப் பற்றிய தம் ‘மிஸ்ஸிங்’ கலைத் திட்டத்தை 2014இல் தில்லியின் இந்தியா ஆர்ட் ஃபேரில் வெளிக்கொணர்ந்தார். திறந்தவெளியில் நின்ற பெரிய கறுப்புப் பெண்ணுருக்கள். பின்னால் வானம் இருக்கும்போது, அங்கே ஒரு சிலை நிற்பதாகத் தோன்றாது. வானத்தில் ஒரு சிறுமியின் அளவுக்கு ஓட்டை விழுந்ததாகத் தோன்றும். அதே உருவம் ஸ்டென்சிலாக நகரச் சுவர்களுக்கும் போனது. 2016இல் அது கைபேசி கேம் ஆயிற்று. அதை உருவாக்கியது சத்யஜித் சக்ரவர்த்தியின் ஃப்ளையிங் ரோபாட் ஸ்டுடியோஸ்.

சுவரில் இருந்தபோது அந்தப் பெண் யாராகவும் இருக்கலாம். கேமில் ஆடுபவர் கடத்தப்பட்டவளின் இடத்திலேயே நிற்கிறார். தப்பிக்க வழி தேட வேண்டும், எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் விளைவு உண்டு. கறுப்பு உருவம் கண்ணில் பட்டு மனத்தில் நிற்க உதவும். பேசிப் பதில் வாங்கும் பாத்திரத்துக்கு முகம் வேண்டும். ஒரே கருப்பொருள் ஊடகம் மாறும்போது தோற்றமும் மாறியாக வேண்டியிருப்பது இதனால்தான். இப்படிப்பட்ட கதையை அச்சு அசல் நிஜம்போலக் காட்டியிருந்தால், அந்தச் சிறுமியின் துன்பம் வேடிக்கைப் பொருளாகிப் போகும் ஆபத்தும் இருந்தது. எளிய சித்திரம் என்றால் பணமில்லை, ஆளில்லை என்று நினைப்பது வழக்கம். சில சமயம் அது உண்மை. சில சமயம் எளிமையே அந்த கேமின் நாகரிகம்.

டென்மார்க்கின் பிளேடெட் ஸ்டுடியோ 2010இல் தந்த ‘லிம்போ’ முழுக்க நிழலுருவிலேயே நடக்கிறது. சிறுவனின் உடலில் வெளிச்சம் இரண்டு கண் புள்ளிகள் மட்டுமே. வால்வ் நிறுவனத்தின் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ (2007) வேறொரு காரணத்துக்காக நிழலுருவை நம்புகிறது. அதில் ஒன்பது வகை வீரர்கள். தூரத்தில் ஓடி வருபவர் எந்த வகை என்று உடல்வாகையும் நடையையும் வைத்தே தெரிந்துகொள்ளலாம். இந்த கேம்கள் வருவதற்கு முன்பே கொல்கத்தாவில் இதைச் செய்துகாட்டியவர் சத்யஜித் ராய். 1969இல் வெளிவந்த ‘கூபி காயின் பாகா பாயின்’ படத்தின் பேய் நடனத்தில் அரசர்கள், எளியவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்தி பெருத்தவர்கள் என நான்கு கூட்டம் ஆடுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு உடல், வேறு அசைவு, வேறு வாத்தியம். அந்த வாத்தியங்கள் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். நம் ஊர்த் தாளவாத்தியக் கச்சேரியே வங்காளப் பேய்களுக்கு நடை சொல்லிக்கொடுத்தது என்று தமிழர் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நடனத்தை ஒலி இல்லாமல் ஒருமுறையும் ஒலியோடு ஒருமுறையும் பார்த்தால், பாத்திர வடிவமைப்பு பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும்.

உருவத்திலிருந்து உலகத்துக்கு வரலாம். கேமில் பயன்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ‘அசெட்’ என்று பெயர்: மரம், பீப்பாய், தெருவிளக்கு, கல், கதவு ஓசைகூட. முப்பரிமாண அசெட் உருவாகும் முறையை விளக்க வட கொல்கத்தாவில் சிலை செய்பவர்களின் பகுதியான குமார்துலியைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே துர்க்கை முதலில் மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோல் கட்டி உடல், அதன்மேல் களிமண், காய்ந்த பிறகு நிறம், சோலா நெட்டியில் செய்த நகை. கணினியில் மூங்கிலின் இடத்தில் அசைவுக்கான எலும்புக்கூடு, மண்ணின் இடத்தில் முக்கோணங்களால் பின்னிய வலை, நிறத்தின் இடத்தில் ‘டெக்ஸ்சர்’ எனப்படும் மேற்பூச்சுப் படம். வரிசை மட்டும் மாறும்: கணினியில் உடல் முதலில், எலும்பு பிறகு. சிறு சிலைகளின் முகங்களைக் குமார்துலியில் அச்சில் எடுப்பார்கள். கேமிலும் ஒரே பாறையைத் திருப்பி, சாய்த்து, பெரிதாக்கி ஒரு மலையே கட்டிவிடுவார்கள். ஒரு காட்டில் எத்தனை வகை மரம் உண்மையில் இருக்கிறது என்று தேடுவது நல்ல பொழுதுபோக்கு. பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தவரின் திறமையைத்தான் அங்கே மெச்ச வேண்டும்.

மேற்பூச்சின் மாயத்தைப் புரிந்துகொள்ள, 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தை ஒரு கேமுக்குள் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாலம் நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்து இணைத்தது. ஒவ்வொரு ரிவெட் தலையையும் தனி வடிவமாகச் செதுக்கினால் கணினி திணறிவிடும். அதனால் தட்டையான உத்திரத்தை மட்டும் செய்து, எந்தப் புள்ளியில் வெளிச்சம் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்ற தகவலை ஒரு படமாக அதன்மேல் ஒட்டுவார்கள். கண்ணுக்கு ரிவெட் புடைத்துத் தெரியும். உண்மையில் அங்கே மேடு கிடையாது. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மேற்பரப்பை நேராகப் பார்க்காமல் ஓரத்திலிருந்து பார்க்க வேண்டும்: விளிம்புக்கோடு நேராகவே ஓடினால் மேடு பொய். பாலம் தூரத்தில் இருக்கும்போது இன்னும் குறைந்த முக்கோணங்களில் செய்த வேறொரு பாலம் அந்த இடத்தில் நிற்கும். கிட்டே போகப் போக ஆளை மாற்றிவிடுவார்கள். மாற்றும் கணம் சில கேம்களில் துள்ளித் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே ஸ்டுடியோ செய்வதில்லை. அசெட்களை விலைக்கு விற்கும் இணையச் சந்தைகள் உண்டு. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் பல ஆண்டுகள் வெளிநாட்டு கேம்களுக்காகக் கலை வேலை செய்தது. 2019இல் அதை ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. வாங்கிய அசெட் என்பதாலேயே கேம் மட்டமாகிவிடாது. ஒட்டாமல் நிற்கும்போதுதான் குறை. கையால் தீட்டியதுபோன்ற சுவரருகே புகைப்படத் துல்லியத்தில் ஒரு நாற்காலி, பருமனான கோடுள்ள மனிதர் கையில் கோடே இல்லாத வாள் என்று முரண்கள் தென்பட்டால், ஒரு மேற்பார்வைக் கண் அங்கே இல்லாமல் போயிற்று என்று பொருள். இந்திய நகரத்தைக் காட்டும் கேம்களில் கடைப் பலகைகளைப் பார்த்தாலே உழைப்பின் அளவு தெரிந்துவிடும். வங்க எழுத்துகள் தலைக்கோட்டில் சேர்ந்து தொங்குகின்றனவா, தமிழ்க் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? எழுத்தைச் சரிபார்க்காதவர்கள் மற்றவற்றையும் சரிபார்த்திருக்கமாட்டார்கள்.

நிஜத்தை அப்படியே காட்டுவதும் பல பாணிகளில் ஒன்றுதான். செலவு அதிகம், சீக்கிரம் வயதாகும். நின்டெண்டோ தன் ‘செல்டா’ வரிசையில் ‘விண்ட் வேக்கர்’ கேமைக் கார்ட்டூன் பாணியில் அறிவித்தபோது ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2002இல் ஜப்பானில் வெளியான அது இன்றும் பார்க்க இதமாக இருக்கிறது. அதே காலத்தில் நிஜத்தை எட்டிப்பிடிக்க முயன்ற பல கேம்களின் முகங்கள் இன்று மெழுகாகத் தெரிகின்றன. நிஜத்தோற்றத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லாப் பாறையும் உண்மைப் பாறைபோலவே இருந்தால் ஏறத்தக்க பாறை எது? அண்மைக்கால பெரிய கேம்கள் ஏறும் விளிம்புகளில் மஞ்சள் வண்ணம் பூசிவைக்க நேர்ந்ததும், அதைக் கேலி செய்து விவாதம் கிளம்பியதும் இதனால்தான். கழிக்க மறுத்த ஓவியம் கடைசியில் பெயின்ட் டப்பாவைத் தூக்குகிறது.

சொந்த மரபிலிருந்து பாணி எடுப்பவர்களை இன்னும் கவனமாகப் பார்க்கலாம். புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ பஹாடி சிற்றோவியங்களின் சாயலில் வண்ணம் தீட்டப்பட்டது. இடையிடையே வரும் கதைப்பகுதிகளில் நிழற்பொம்மலாட்டம். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் தந்த ‘வெண்பா’ தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் சமையலறையில் நடக்கிறது. தட்டையான, தெளிவான நிறங்கள்; மனிதர்கள் சில கோடுகளில் முடிந்துவிடுகிறார்கள். ஆனால் இட்லிப் பாத்திரத்தின் அடுக்குகளும் தட்டின் துளைகளும் விடாமல் வரையப்பட்டுள்ளன, ஏனென்றால் ஆடுபவர் அதை அடுக்கிப் பார்க்க வேண்டும். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் அழிந்துபோன இடங்களே அங்கே புதிர். எங்கே விவரம் கூடுகிறதோ அங்கேதான் கேமின் மனம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

வெளிச்சத்தையும் நிறத்தையும் சோதிக்க எளிய வழி, கைபேசி அமைப்புகளில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு ஆடுவது. அப்போதும் வழி தெரிந்தால் ஓவியர் வெளிச்சத்தை வைத்து நடத்துகிறார்; தெரியாவிட்டால் நிறத்தை மட்டும் நம்பியிருக்கிறார். நிறக்குருடு உள்ளவர்கள் அந்த கேமில் எங்கே தடுமாறுவார்கள் என்பதும் அதிலேயே ஓரளவு விளங்கும்.

அசைவுக்குப் பாதங்களைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது பாதம் தரையில் வழுக்கினால் வேலை முடியவில்லை. குதிக்கும் முன் உடல் சற்றுப் பதுங்குகிறதா, இறங்கியபின் முழங்கால் மடங்குகிறதா? பதுங்கல் நீண்டால் பார்க்க அழகு, ஆனால் பொத்தானை அழுத்தியவருக்கு எரிச்சல். அழகுக்கும் விரலுக்கும் நடக்கும் இந்த இழுபறியை ஒவ்வொரு ஸ்டுடியோவும் தன் போக்கில் தீர்க்கிறது. சண்டை கேமையும் கதை கேமையும் அடுத்தடுத்து ஆடினால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பல கேம்களில் இப்போது புகைப்பட வசதி இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி, திரையிலுள்ள எண்களையும் குறிகளையும் நீக்கி, கேமராவை இஷ்டம்போல் நகர்த்தலாம். யாரும் போகாத மூலை, கதவின் பின்புறம், கூரையின் மேற்பகுதி என்று வரைந்தவர் எதிர்பார்க்காத இடங்களுக்குப் போய் நிற்கலாம். சில இடங்களில் சுவருக்கு முதுகே இருக்காது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் தாண்டிப் போகாமல் பார்க்கலாம்: பாத்திரம், சூழல், ஒளி, அசைவு என்று வேலைகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், கலைப் பகுதியில் வெளி ஸ்டுடியோக்களின் பெயர்களும் வரும். பெரிய கேம்களில் அவற்றினிடையே இந்தியப் பெயர்கள் தென்படுவது இன்று அதிசயமில்லை.