கையை ஒட்டினோம், மெஷினைப் பார்த்தோமா?

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தை நடுவில் வைத்து ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தெற்கே சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. கிழக்கே பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி; அதைச் சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனை ராயபுரத்தில். வடக்கே தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை. மேற்கே ஓட்டேரியில் நெஞ்சக நோய் மருத்துவமனை, பெரம்பூரில் ரயில்வே மருத்துவமனை, அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. இவை போக மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள். வடசென்னையை எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மருத்துவமனைக் கணக்கை மட்டும் எடுத்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே நோய்க்கு வைத்தியம் உண்டு. அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, வந்த இடத்துக்கே போய்ப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. வைத்தியம் இலவசம், அதை வாங்கப் போகிறவர் இழக்கும் கூலிக்குப் பதில் சொல்ல ஆளில்லை. இந்த இரண்டையும் வைத்துத்தான் வடசென்னையின் மருத்துவச் சேவையை எடைபோட வேண்டும்.

முதலில் நிறை. ஸ்டான்லியைப் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-இல் ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து சென்னையை வாட்டியபோது, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் இங்கே ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு சத்திரமும் மருத்துவமனையும் ஒன்றாகி, மருத்துவப் பள்ளி வந்து, 1938-இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. பட்டினியும் நோயும் ஒரே ஆளிடம்தான் வந்து சேர்கின்றன என்பதை அந்தச் சத்திரம் அறிந்திருந்தது. இரண்டையும் ஒரே வாசலில் கவனித்தது. ஸ்டான்லியில் அம்மா உணவகம் நடப்பதில் அந்த மரபின் சாயல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இந்த மருத்துவமனையின் பெருமை என்று எதையாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால், 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவைச் சொல்வேன். பவர் பிரஸ்ஸில் விரல் போனவர், ரோலரில் முன்கை சிக்கியவர், லேத்தில் சட்டைக் கை மாட்டி உள்ளே இழுக்கப்பட்டவர் என்று பட்டறைப் பகுதியின் விபத்துகள் எல்லாம் வந்து சேரும் இடம் இது. அங்கே நடப்பது நுணுக்கமான வேலை. அறுந்த விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். விரல் நேராக ஐஸில் பட்டால் திசு கெட்டுவிடும். சதை அதிகமுள்ள முன்கையோ மேற்கையோ என்றால் ஆறு மணி நேரம் தாண்டக் கூடாது. எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தி, தசைநாணைத் தைத்து, பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயையும் நரம்பையும் இணைக்கிறார்கள். கட்டைவிரலே இல்லாமல் போனவருக்குக் கால்விரலை எடுத்துக் கையில் வைக்கிறார்கள். தனியாரில் லட்சக்கணக்கில் ஆகும் சிகிச்சை இங்கே காசில்லாமல் கிடைக்கிறது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

ஆனால் இந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிரிவு இத்தனை கைகளைப் பார்த்துத் தேர்ந்திருக்கிறது என்றால், ஐம்பது ஆண்டுகளாகக் கைகள் போய்க்கொண்டிருக்கின்றன என்றுதானே பொருள்? காயத்தோடு ஒருவர் வந்தால் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். அதன் நகல், ஏ.ஆர். காப்பி, காவல் நிலையத்துக்குப் போகும். அதற்குப் பிறகு அந்தத் தாளின் வேலை பெரும்பாலும் வழக்குக்கும் நஷ்டஈட்டுக்கும்தான். இந்த மாதம் எந்தப் பேட்டையிலிருந்து எத்தனை கைகள் வந்தன, எந்த வகை மெஷினில் போயின, அந்த மெஷினில் பாதுகாப்பு மூடி இருந்ததா என்று கூட்டிப் பார்த்து ஊருக்கு முன் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தொழிற்சாலைகளைப் பார்க்க, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்று தனித் துறையே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது அந்தத் துறைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தால், ஒட்ட வேண்டிய விரல்களின் எண்ணிக்கை குறையும்.

ஆஸ்பத்திரியின் வேலை வைத்தியம் பார்ப்பது, மெஷினைப் பார்ப்பது வேறு துறையின் வேலை என்று சிலர் சொல்லலாம். காசநோயை நினைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. காசநோய் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் நாடெங்கும் கட்டாயம். வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்று கேட்டு ஆள் வருகிறார். சத்தான சாப்பாட்டுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினார்கள். கர்ப்பிணிக்கும் அப்படித்தான். பெயரைப் பதிந்த நாளிலிருந்து எண் கொடுத்துப் பின்தொடர்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக 18,000 ரூபாய் கிடைக்கிறது. சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் வந்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தனியார் மருத்துவமனையிலும் அரசே ஏற்கிறது. நோயின் காரணத்தைத் தேடவும், வருமானம் நின்றவருக்குக் கை கொடுக்கவும் அரசுக்கு நன்றாகவே தெரியும். பட்டறையில் கை போனவர் விஷயத்தில் மட்டும் அந்தத் தேர்ச்சி பயன்படவில்லை.

அவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். இருப்பவருக்கு அது நல்ல பாதுகாப்புத்தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி கட்ட, 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். வேலையில் அடிபட்டுப் படுத்தால் கூலியில் ஏறத்தாழ 90 சதவீதம் வருகிறது. ஆனால் பொது விதிப்படி பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டு முன்கூடத்தில் ஒரு பிரஸ், இரண்டு ஆள் என்று ஓடும் பட்டறைகள் இந்தக் கணக்கில் வராது. பேசின் பிரிட்ஜ் ரயில் பராமரிப்பு மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ரயில்வேயின் நிரந்தர ஊழியருக்குக் காய்ச்சல் என்றால் பெரம்பூர் மருத்துவமனை, சம்பளத்தோடு விடுப்பு. பெட்டியைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, கான்ட்ராக்டர் இ.எஸ்.ஐ.யை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அயனாவரம். கட்டாவிட்டால் ஸ்டான்லி வரிசை, அன்றைய கூலியும் போச்சு. வட்டத்துக்குள் ஆறேழு மருத்துவமனைகள் இருந்தாலும், யாருக்கு எந்த வாசல் என்பதைத் தீர்மானிப்பது அவரவர் வேலைச் சீட்டுதான்.

அன்றைய கூலி என்ற இந்த விஷயத்தை மேலதிகாரிகள் யாரும் சரியாக எடைபோட்டதாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே இலவச ஆஸ்பத்திரி இருக்க, வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரனிடமும் வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடத்திடமும் பல்லாண்டுகள் ஏன் கூட்டம் அலைமோதியது? இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய் வாங்கியவர்கள் இவர்கள். திருவேங்கடம் ஸ்டான்லியில் படித்தவர். மூட்டை இறக்குபவர் வேலை முடிந்து வந்து காட்டிவிட்டுப் போகலாம். அரை நாள் வரிசையில் நிற்க வேண்டாம். கையில் இல்லையென்றால் அதையும் கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியின் இலவசத்துக்கு விலை அரை நாள் கூலி. டாக்டரின் ஐந்து ரூபாய் அதைவிட மலிவு. ஆனால் இது தனி மனிதரின் ஈகையில் நின்ற ஏற்பாடு. 2018 டிசம்பரில் ஜெயச்சந்திரனும் 2020 ஆகஸ்டில் திருவேங்கடமும் மறைந்தபோது தெருவெல்லாம் அழுதது. அவர்கள் இடத்துக்கு யார் வருவார் என்பதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

அந்தப் பாடத்தை அரசு ஓரளவு படித்திருக்கிறது. 2023 ஜூனில் மாநிலமெங்கும் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி அமைக்கப்பட்டன. அந்த மாலை நேரம்தான் இந்தத் திட்டத்தின் உயிர். கூலிக்காரரின் நாளைப் பார்த்து மருத்துவரின் நேரத்தை வகுத்தது புத்திசாலித்தனம். அந்த நேரத்தில் மருத்துவர் நாற்காலியில் இருக்கிறாரா, மருந்து கையிருப்பு இருக்கிறதா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் பெரிய முயற்சிதான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாதவருக்கு பிசியோதெரபி வருகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. திட்டம் வருவதற்கு முன்பு, 2020-இல் எடுத்த மாநில ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இரண்டும் 17 சதவீதத்தை ஒட்டி வந்தன. முன்னேற்றம் உண்மை. ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை. எத்தனை பேருக்கு மருந்துப் பெட்டகம் கொடுத்தோம் என்பதை மேடையில் சொல்கிறோம். எத்தனை பேருக்கு அழுத்தம் இறங்கியது என்பதைத்தான் சொல்ல வேண்டும். சுகாதாரத் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது துறைமுகத்தில் லோடு ஏற்றுபவரும் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரும் வீட்டில் இருப்பதில்லை. 2024-இல் பணியிடங்களுக்கே போகத் தொடங்கியது இதற்கான திருத்தம். பெரிய ஆலைக்குப் போவது சுலபம். இரண்டு ஆள் பட்டறைக்குப் போவதில்தான் திட்டத்தின் தரம் தெரியும்.

காப்பீட்டிலும் இதே சிக்கல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை வேண்டும். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு வேலை இன்னும் பழைய இடத்தில்தான். அட்டை ஓரிடம், பிழைப்பு ஓரிடம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மூட்டை தூக்குபவர்களுக்கு இங்கே முகவரியே இல்லை. இவர்களை எல்லாம் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவது ஸ்டான்லியின் வெளிநோயாளி வாசல்தான். அதனால்தான் அங்கே அவ்வளவு கூட்டம்.

காரணத்தைத் தேடாத வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணூர் காட்டியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூச்சுத்திணறி விழுந்தவர்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கும் ஸ்டான்லிக்கும் போனார்கள். மருத்துவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். முகாம் போட்டார்கள். முகாம் கலைந்த பிறகு, அன்று அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பதிவேடுதான் வேண்டும். மணலி, எண்ணூர் குழந்தைகளின் இருமலுக்கு மருந்து எழுதுவதோடு, வார்டு வாரியாக அந்த இருமலின் கணக்கையும் எழுதி வைத்தால்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் பேச ஆதாரம் இருக்கும்.

கட்டடங்கள் வருகின்றன. 2024 மார்ச் 14-இல் தங்கசாலையில் 4,181 கோடி ரூபாய்க்கு வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 2025-இல் கொளத்தூரில் பெரியார் அரசு மருத்துவமனை திறந்தது. வரவேற்கிறோம். ஆனால் இனி கேட்க வேண்டியவை செலவு குறைந்தவை: வெளிநோயாளி சீட்டில் தொழிலும் வேலையிடமும் எழுத ஒரு கட்டம், மெஷின் விபத்துகளின் கணக்கு மாதந்தோறும் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குப் போய், ஆண்டுக்கு ஒரு முறை பொதுவில் வெளியாவது, இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் தொழிலாளி கை குணமாகும் வரை பிழைக்க ஒரு உதவித்தொகை.

2022 நவம்பர் முதல் சென்னையில் வார்டுதோறும் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்கும் கழிவுநீரும் அங்கே பேச்சாகின்றன, பேச வேண்டியவைதான். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், போன ஆண்டு நம் வார்டிலிருந்து எத்தனை பேர் கை அடிபட்டு ஸ்டான்லிக்குப் போனார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள். கணக்கு இல்லை என்று பதில் வந்தால், அதையே தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.